சூடு கண்ட பூனை

'சூடு கண்ட பூனை அடுப்பண்டை அணுகாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழிக்கு உரை எழுதினாற்போலத் தெனாலிராமன் கதை ஒன்று வழங்குகிறது. எலித் தொல்லை நீங்க வேண்டி, கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அப்பூனைக்குப் பால் வார்க்க ஒரு பசுவும் அளித்தாராம். தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கும் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிப் பூனையின் முன் வைத்தான். ஆவலோடு வாய்வைத்த பூனை சூடுபட்டு ஓடிற்று. அன்று முதல் பாற்கிண்ணத்தைக் கண்ட மாத்திரத்தில் அது ஓட்டம் பிடித்தது. பசுவின் பால் முழுவதும் தெனாலிராமன் வீட்டாருக்கே ஆயிற்று.

கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். சிரித்து ஓய்ந்தபின் ஒரு வினா எழ வேண்டும். பூனையைச் சுட்டது வெப்பம். பாலின் வெண்மை சுடவில்லை. கிண்ணத்தின் வடிவமும் சுடவில்லை. அங்ஙனமிருக்க, ஆறிய பாலைக் கண்டும் அது ஓடுவானேன்? நன்றாக ஆறிய பால் நாள்தோறும் முன்னே வைக்கப்பட்டும் அதன் அச்சம் தெளியாதது ஏன்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம். பூனையின் பொருட்டு மட்டும் இம்முயற்சி அன்று. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பொருட்டும் இது வேண்டப்படுகிறது என்பதைப் பேச்சின் முடிவில் காண்பீர்கள்.

துன்பம் வருமுன் அதை அறிவிக்கும் குறிகளை விலங்குகள் கற்றுக்கொள்கின்றன என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சங்க காலத்தில் தினைப்புனம் காத்த மகளிர் தட்டை, குளிர், தழல் முதலிய கருவிகளை ஒலித்துக் கிளிகளை ஓட்டினர். கவணில் கல் வைத்தும் எறிந்தனர். கல்லடி கண்ட பறவைக்கு மறுமுறை ஒலியே போதும். ஆனால் கல் வாராது ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தால், கிளி சில நாளில் அதைப் பொருட்படுத்தாது. வைக்கோற் பொம்மையின் தலைமேலேயே காக்கை அமர்ந்திருப்பதை உழவர் மக்கள் அறிவர்.

நாட்டுப்புறம் செல்லவும் வேண்டுவதில்லை. நான் வாழ்வது திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிற் குளத்தை அடுத்த தெருக்களுள் ஒன்றில். அங்கே தெருநாய்கள் பல உண்டு. காதின் நுனி சிறிது கத்தரிக்கப்பட்ட நாய்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். பல்லாண்டுகளாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, 1996-இல் அம்முறையைக் கைவிட்டது. அதற்கு மாறாக, நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடும் முறை வந்தது. சிகிச்சை நடந்ததற்கு அடையாளமே அந்தக் காது.

எங்கள் தெருவில் ஓயாத இரைச்சல். ஆட்டோக்களின் ஒலிப்பான் காலை முதல் இரவு வரை அலறுகிறது. நாய்கள் அதன் நடுவே கண்மூடிப் படுத்திருக்கின்றன. நாய் பிடிக்கும் வண்டி மட்டும் தெருமுனையில் திரும்பட்டும்! வலை வெளியே வருமுன்னரே, ஆட்கள் இறங்குமுன்னரே, காது கத்தரிக்கப்பட்ட நாய் எழுந்துவிடும். வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு சந்துக்குள் மறையும். இதுவரை பிடிபடாத இளநாய்களோ வண்டியை நோக்கிக் குரைத்துக்கொண்டு நிற்கும். ஒரே ஒலி, ஒரே வண்டி. பட்டறிவு உடையதற்கு அது எச்சரிக்கை. இல்லாததற்கு அது வெறும் வண்டி.

இவ்வகைக் கற்றலை முதன்முதல் முறைப்படி ஆராய்ந்தவர் இவான் பாவ்லோவ் என்னும் ரஷ்ய உடலியலறிஞர். சீரண உறுப்புக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்றவர். உணவு கண்டு நாய்க்கு எச்சில் ஊறுவது இயற்கை. உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பலமுறை எழுப்பிவந்தால், பிறகு ஒலி கேட்ட அளவிலேயே எச்சில் ஊறுகிறது. இது பாடப் புத்தகங்களில் உள்ள செய்தி. பாவ்லோவ் உணவை மட்டும் கையாளவில்லை என்பதை மாணவர் பலர் அறியார். நீர்த்த அமிலத்தையும் அவர் நாயின் வாயில் விட்டுப் பார்த்தார். நாய் தலையை உதறிற்று. அமிலத்தைக் கழுவித் தள்ள எச்சிலைப் பெருக்கிற்று. அமிலத்துக்கு முன் ஓர் ஒலியைச் சில முறை கேட்கச் செய்தபின், ஒலி மட்டும் எழுந்தபோதும் நாய் அங்ஙனமே தலையை உதறி எச்சில் பெருக்கிற்று. இன்பத்தின் குறியைக் கற்பது போலவே துன்பத்தின் குறியையும் உயிர் கற்கிறது. ஆசிரியப் பயிற்சிப் பாடங்களில் இதனை ஆக்கநிலையுறுத்தல் என்று கூறுவர்.

இத்துறை நம் நாட்டுக்குப் புதிதன்று. மைசூரில் 1924-இல் உளவியல் துறையைத் தொடங்கியவர் எம். வி. கோபாலசுவாமி. 1935-இல் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்து, அதற்கு 'ஆகாசவாணி' என்னும் பெயர் வழங்கச் செய்தவரும் அவரே. வானொலி வாயிலாக உளவியல் பேசும் எவரும் அவரை நினைத்தல் தகும். திருவல்லிக்கேணியை ஒட்டிய சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையை 1943-இல் ஜி. டி. போவாஸ் தொடங்கினார்.

இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தால் போதும், உயிர் அவற்றை இணைத்துவிடும் என்றே நெடுங்காலம் கருதினர். அது முழு உண்மை அன்று. 1960-களில் ராபர்ட் ரெஸ்கார்லா என்னும் அமெரிக்க அறிஞர் எலிகளைக் கொண்டு இதைச் சோதித்தார். ஒலி வரும்போது மட்டும் மின்னதிர்ச்சி வந்தால் எலி ஒலிக்கு அஞ்சுகிறது. ஒலி உள்ளபோதும் இல்லாதபோதும் அதே அளவில் அதிர்ச்சி வந்தால், ஒலிக்கு அது அஞ்சுவதில்லை. ஒலியும் அதிர்ச்சியும் சேர்ந்து வந்த முறைகள் இரண்டிலும் ஒரே அளவாயினும் விளைவு வேறாகிறது. ஒலி ஒரு செய்தி தர வேண்டும். 'இப்போது துன்பம் வருவதற்கு வாய்ப்பு மிகுதி' என்று அது சொல்ல வேண்டும். எங்கள் தெரு நாய் ஆயிரம் ஒலிப்பான்களின் நடுவே உறங்குவதும், ஒரு வண்டிக்கு மட்டும் விழிப்பதும் இதனால்தான். ஆயிரம் ஒலிகளும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒன்று சொல்கிறது.

எக்குறியையும் எத்துன்பத்தோடும் இணைத்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. ஜான் கார்சியா என்பவர் 1955-இல் தம் துணைவரோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். சாக்கரின் கலந்த இனிப்பு நீரைப் பருகும் எலிகளுக்குக் காமாக் கதிர்கள் படச் செய்தார். கதிர்களால் உடல் நலிவுற்ற எலிகள் பின்னர் இனிப்பு நீரை வெறுத்தன. 1966-இல் அவரும் கோயெலிங் என்பவரும் மேலும் ஒரு படி சென்றனர். எலி இனிப்பு நீரை நக்கும்போதெல்லாம் ஒளி மின்னவும் ஒலி கேட்கவும் செய்தனர். ஆக, சுவை, ஒளி, ஒலி என மூன்று குறிகள். சில எலிகளுக்குப் பின்னர் நோய் உண்டாக்கினர். சிலவற்றுக்குக் காலில் மின்னதிர்ச்சி தந்தனர். நோயுற்ற எலிகள் சுவையை வெறுத்தன. ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சியுற்ற எலிகளோ ஒளிக்கும் ஒலிக்கும் அஞ்சின. இனிப்பைத் தடையின்றிப் பருகின. வயிற்று நோய்க்குச் சுவையைக் குற்றம் சாட்டுவதும், உடல் நோவுக்குக் கண்ட காட்சியையும் கேட்ட ஒலியையும் குற்றம் சாட்டுவதும் எலியின் இயல்பு. உண்ட உணவுக்கும் வந்த நோய்க்கும் இடையே சில மணி நேரம் கழிந்தாலும் இந்த இணைப்பு ஏற்படுகிறது. பெரும்பாலும் ஒரே முறை போதும். நச்சு உணவை இரண்டாம் முறை தின்று பார்த்துக் கற்க எந்த உயிருக்கும் காலம் கிடைப்பதில்லை அன்றோ?

பறவைகளின் நிலை சற்று வேறு. அவை கண்ணால் இரை தேடுவன. சென்னையில் வெற்றிடம் எங்கே உண்டோ அங்கே எருக்கு உண்டு. எருக்கின் இலையைத் தின்று வளரும் புழு ஒன்று, பின்னர் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாகிறது. செடியின் நஞ்சு பூச்சியின் உடலிலும் தங்குகிறது. இதற்கு உறவான மொனார்க் என்னும் அமெரிக்கப் பூச்சியை லிங்கன் பிரவர் என்னும் அறிஞர் பறவைகளுக்கு உண்ணக் கொடுத்தார். தின்ற பறவை சிறிது நேரத்தில் கக்கிற்று. அதன்பின் அவ்வண்ணத்தைக் கண்டாலே அது தீண்டவில்லை. நம் வெந்தய வரியனும் பறவைக்கு அஞ்சிப் பறப்பதில்லை. ஆரஞ்சு நிறத்தைக் கொடிபோல் விரித்து மெல்லப் பறக்கிறது. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. நஞ்சில்லாத வேறொரு பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே வண்ணம் பூண்டு திரிகிறது. அதன் ஆணோ கரிய சிறகில் வெண்புள்ளி உடையது. பறவையின் நினைவே அப்பெண் பூச்சிக்குக் கவசம். ஓர் உயிர் கற்ற பாடம் மற்றோர் உயிரின் உருவத்தையே மாற்றி அமைத்துவிட்டது.

தான் துன்புறாமலே பிறர் துன்பத்தால் கற்பனவும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் மார்ஸ்லஃப் என்பவரின் குழுவினர் 2006-இல் குகை மனிதன் முகமூடி அணிந்து ஏழு காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் இட்டு விடுவித்தனர். பின்னர் அம்முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கரைந்தன. ஆண்டுகள் சென்றும் அது குறையவில்லை. பிடிபடாத காக்கைகளும், அந்நிகழ்ச்சிக்குப் பின் பிறந்த குஞ்சுகளும் கூட அம்முகத்தைப் பகை எனக் கற்றன. நம் மொட்டை மாடியில் வடகம் காய வைத்துக் காவலிருக்கும் பாட்டிமார், காக்கை ஆளை அறியும் என்று சொல்வதில் பொருள் உண்டு.

நம் தென்னாட்டுக் காடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு நாட்டுக் குரங்குகளைப் பற்றியது. நீலகிரிக் கருமந்தி, சாம்பல் மந்தி, கடமான் ஆகியவற்றின் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவு செய்து குரங்குகளுக்குக் கேட்கச் செய்தனர். தம் இனத்தின் குரல் அன்று. ஆயினும் கேட்டவுடன் குரங்குகள் மரத்தை நோக்கி ஓடின. மான் கூவினால் சிறுத்தை அருகில் என்பது அவற்றின் பாடம். 2013-இல் விவேக் துப்பிலும் காஸும் யானைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரவில் பயிரை நாடி யானை வரும் வழியில் உணர்கருவி வைத்து, யானை கடக்கும்போது புலி அல்லது சிறுத்தையின் உறுமல் எழச் செய்தனர். புலியின் உறுமலுக்கு யானைகள் ஓசையின்றிப் பின்வாங்கின. சிறுத்தையின் உறுமலுக்கோ பிளிறின, மண்ணை உதைத்தன, நின்று ஆராய்ந்தன. இரண்டு குரல்களையும் வேறு பிரித்து, துன்பத்தின் அளவையும் அவை எடைபோடுகின்றன. உயிர்ச்சேதமின்றிப் பயிர் காக்க இவ்வறிவு உதவக்கூடும். எனினும் கல்லில்லாத ஒலியைக் கிளி புறக்கணித்ததை மறவாதீர்கள். புலி வாராத உறுமலை யானையும் ஒரு நாள் கண்டுகொள்ளும்.

இனி நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஒலி மட்டும் பலமுறை வந்து துன்பம் வாராதிருந்தால் அச்சம் தணிகிறது. பாவ்லோவே இதைக் கண்டார். அப்படியானால் தெனாலிராமன் பூனையின் அச்சம் ஏன் தணியவில்லை? விடை எளிது. பூனை ஓடிவிடுகிறது! ஓடிய பூனை பால் ஆறியிருப்பதை எங்ஙனம் அறியும்? ஓடியதால் சூடுபடவில்லை, ஆதலால் ஓடியது சரியே என்று அதன் உடல் முடிவு செய்கிறது. அச்சம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அதைப் போக்க ஒரே வழி, துன்பமில்லாத நிலையில், சிறிது சிறிதாக, பூனை கிண்ணத்தை மீண்டும் நெருங்குமாறு செய்தல்தான். அங்ஙனம் தணிந்த அச்சமும் முற்றும் அழிவதில்லை. சில நாள் கழித்தோ இடம் மாறியபோதோ அது மீண்டும் தலைகாட்டும். பழைய பாடம் அழியாது. அதன் மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது.

துன்பத்துக்குக் குறியும் இல்லை, தப்பும் வழியும் இல்லை என்றால் என்ன ஆகும்? 1967-இல் செலிக்மன், மேயர் என்னும் இருவர் நாய்களைக் கொண்டு செய்த சோதனை புகழ் பெற்றது. ஒரு சாரார் நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மறு சாரார்க்கு என்ன செய்தும் பயனில்லை. அடுத்த நாள், சிறிய தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்னும் நிலையிலும், இரண்டாம் சாராரில் பல நாய்கள் தாண்டவில்லை. துன்பத்தைத் தாங்கிப் படுத்துவிட்டன. 'கற்ற கையறுநிலை' என்று அதற்குப் பெயரிட்டனர். 2016-இல் அதே இருவரும் தம் விளக்கத்தைத் திருத்திக்கொண்டனர். நீண்ட துன்பத்தில் சோர்ந்து விழுவது உயிரின் கல்லாத இயல்பு. 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதே கற்கப்படுவது என்றனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப்பின் தம் கருத்தைத் தாமே திருத்துவது அறிவியலின் பெருமை.

இச்சோதனைகளைக் கேட்டு உங்கள் உள்ளம் வருந்தினால் அது நன்றே. அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் பிராணிகளுக்காகக் குரல் கொடுத்தார். 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இன்று ஆய்வுக்கூடத்தில் எவரும் விருப்பம்போல் விலங்கைத் துன்புறுத்த இயலாது.

இனி வகுப்பறைக்கு வருவோம். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். முன்பு படித்த இடத்தில் கணக்குத் தவறும்போதெல்லாம் அடி வாங்கியவன். எங்கள் பள்ளியில் அவனை யாரும் தொட்டதில்லை. ஆயினும் கரும்பலகையில் கணக்கை எழுதத் தொடங்கினால், சுண்ணக்கட்டியின் ஒலி கேட்டதும் அவன் உள்ளங்கை வியர்க்கும். வயிற்று வலி என்று எழுந்துவிடுவான். வெளியே போனதும் வலி நிற்கும். அவன் பொய் சொல்லவில்லை. பிரம்பின் வலி சுண்ணக்கட்டியின் ஒலியோடு சேர்ந்துவிட்டது. எழுந்து போவதால் ஒவ்வொரு நாளும் அச்சம் உறுதிப்பட்டது.

அவன் ஆசிரியை பொறுமை மிக்கவர். கரும்பலகையை விட்டு, வேப்பமரத்து நிழலில் புளியங்கொட்டைகளைப் பரப்பிக் கூட்டல் செய்யச் சொன்னார். எந்தக் கணக்கை முதலில் செய்வது என்பதை அவனே தேர்ந்தான். தவறினால் கொட்டைகளைக் கலைத்து மீண்டும் அடுக்கினான், அவ்வளவே. சில வாரம் சென்று சிலேட்டு; பின் நோட்டு; கடைசியில் கரும்பலகை. அரையாண்டுத் தேர்வு நாளில் பழைய நடுக்கம் ஒருமுறை திரும்பிற்று. ஆசிரியை அதை எதிர்பார்த்தவர்போல், கையில் நாலு புளியங்கொட்டைகளைக் கொடுத்து அமரச் செய்தார். ஆண்டு முடிவில் அவன் கணக்கில் தேறினான். முதல் மாணவனாக அன்று, அஞ்சாத மாணவனாக.

தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், உடலை வருத்துவதோடு உள்ளத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. சிலர், 'அடியாத மாடு படியாது' என்று இன்றும் சொல்கின்றனர். அடித்தால் மாடு எதைப் படிக்கிறது என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. அடிப்பவனைக் கண்டு விலகப் படிக்கிறது. ஏரைக் கண்டு அஞ்சப் படிக்கிறது. உழவை அது அடியால் கற்கவில்லை. பிள்ளையும் பிரம்பிலிருந்து கணக்கைக் கற்பதில்லை. கணக்கிலிருந்து ஓடக் கற்கிறது.

தெருநாய்க்கும் இதுவே பொருந்தும். வெறிநோய்த் தடுப்பூசியை மீண்டும் மீண்டும் இட வேண்டும். ஒருமுறை வலையில் முரட்டுத்தனமாக இழுபட்ட நாய், மறுமுறை கைக்கு எட்டாது. நாள்தோறும் சோறிடும் பழகிய கையால் மெல்லப் பிடிக்கப்படும் நாய் மீண்டும் வரும். இதில் தெருவின் குழந்தைகளின் உயிர் அடங்கியிருக்கிறது. ஆதலால் நாயைக் கண்டவுடன் கல்லெடுக்கும் வழக்கத்தை இளைஞர் விட வேண்டும். குனிந்த மனிதன் என்றாலே துன்பம் என்று கற்ற நாய், செருப்பு வார் மாட்டக் குனிபவரையும் பகைவராகவே எண்ணும்.

உங்களுள் பலர்க்கு ஏதேனும் ஒரு பாடம் அச்சமூட்டலாம். ஒருவருக்குக் கணக்கு, ஒருவருக்கு ஆங்கிலம், ஒருவருக்கு மேடையேறிப் பேசுதல். அது அறிவுக்குறைவு அன்று. என்றோ பட்ட சூட்டின் நினைவு அது. அதைக் கண்டு ஓடாதீர்கள். ஒரேயடியாய்ப் பாய்ந்து வெல்லவும் முயலாதீர்கள். தீங்கில்லாத இடத்தில், நம்பத்தக்க ஒருவர் துணையோடு, மிக எளிய பகுதியிலிருந்து நாளும் சிறிது நெருங்குங்கள். இடையே அச்சம் திரும்பினால் தோற்றோம் என்று எண்ண வேண்டா. அது வரும், பின்னர் போகும். நாளை நீங்கள் ஆசிரியராகவோ பெற்றோராகவோ அமரும்போது, உங்கள் காலடி ஓசை கேட்ட குழந்தை எழுந்து ஓடுகிறதா, எதிர்கொண்டு வருகிறதா என்பதைப் பாருங்கள். உங்கள் கல்விக்கு அதுவே தேர்வு.